ஒரு திரை, ஐந்து அம்புகள்

கர்நாடகத்தின் கிராமப்புற அரசுப் பள்ளிகளுக்குக் கணினிகள் வரத் தொடங்கியிருந்த காலம் அது. வந்த கணினிகள் சில, காத்திருந்த பிள்ளைகள் பலர். ஒரு திரைக்கு முன்னால் ஐந்து பேர், சில பள்ளிகளில் பத்துப் பேர்வரை நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். மவுஸ் ஒருவர் கையில் இருக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் திரையில் விரல் வைத்து எதை அமுக்க வேண்டும் என்று சொல்வார்கள். பின்னால் நிற்பவர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. வகுப்பு முடிந்து மணியடிக்கும்வரை மவுஸை ஒருமுறைகூடத் தொடாமல் எழுந்துபோகும் பிள்ளைகளும் இருந்தார்கள்.

பெங்களூருவில் 2005 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியா ஆய்வகம் தொடங்கப்பட்டது. அதை நிறுவியவர்களில் ஒருவரான கென்டாரோ டொயாமா, வளரும் நாடுகளில் கணினி எப்படிப் பயன்படுகிறது என்பதை ஆராய ஒரு குழுவை அமைத்தார். அந்தக் குழுவில் இருந்த உதய் சிங் பவார், ஜோயோஜீத் பால் ஆகியோர் பள்ளிகளில் இந்தக் காட்சியைக் கவனித்தார்கள். ஐந்து பிள்ளைகளுக்கு ஐந்து கணினி வாங்க முடியாது. ஆனால் ஐந்து மவுஸ் வாங்கலாம். ஒரு கணினியின் விலையோடு ஒப்பிட்டால் மவுஸின் விலை ஒரு பொருட்டே இல்லை. யுஎஸ்பி ஹப் ஒன்றைச் செருகினால் ஒரே கணினியில் பல மவுஸ்களை மாட்டிவிடலாம்.

மாட்டலாம். ஆனால் திரையில் அம்பு ஒன்றுதான் வரும்.

இதைப் பார்க்க ஆய்வகம் எதுவும் வேண்டாம். லேப்டாப்பில் ஒரு மவுஸைச் செருகினாலே போதும். டச்பேட் அணைத்து வைக்கப்படவில்லை என்றால் அதுவும் வேலை செய்யும், மவுஸும் வேலை செய்யும், ஆனால் இரண்டும் நகர்த்துவது ஒரே அம்பை. மவுஸை வலப்பக்கமும் டச்பேடில் விரலை இடப்பக்கமும் ஒரே சமயத்தில் இழுத்தால், அம்பு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் இருந்த இடத்திலேயே நடுங்கும். அடுத்து, ஒரு பத்தியின் தொடக்கத்தில் மவுஸின் இடது பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மவுஸை அசைக்காமல் டச்பேடில் விரலை ஓட்டிப் பார்க்கலாம். எழுத்துகள் வரிசையாகத் தேர்வாகிக்கொண்டே போகும். அமுக்கியது ஒரு கருவி, நகர்த்தியது வேறொரு கருவி. கணினிக்கு அந்த வேறுபாடு பொருட்டே அல்ல.

ஏன் ஒரே அம்பு?

மவுஸ் தன் இருப்பிடத்தைக் கணினிக்குச் சொல்வதே இல்லை. அதற்கு அது தெரியவும் தெரியாது. மேசையின் எந்த மூலையில் இருக்கிறது, திரையில் அம்பு எங்கே நிற்கிறது என்ற விவரங்கள் எல்லாம் மவுஸுக்கு வெளியே இருப்பவை. அது அனுப்புவது, போன தடவை கேட்டதிலிருந்து இப்போதுவரை எவ்வளவு நகர்ந்தேன் என்பதை மட்டும்.

சாதாரண யுஎஸ்பி மவுஸைக் கணினி நொடிக்கு 125 தடவை விசாரிக்கும். அதற்கு மவுஸ் தரும் மிக எளிய விடை மூன்றே பைட்டுகள். முதல் பைட்டில் எந்தப் பொத்தான் அமுங்கியிருக்கிறது என்ற தகவல். இரண்டாவதில் இடம்-வலம் எவ்வளவு நகர்ந்தது என்பதற்கு ஓர் எண். மூன்றாவதில் மேல்-கீழ் நகர்வுக்கு ஓர் எண். இந்த எண்கள் -127 முதல் +127 வரை இருக்கலாம். வலப்பக்கம் ஐந்து, மேலே இரண்டு என்பதுபோன்ற துண்டுச் செய்திகள் வந்துகொண்டே இருக்கும். இயங்குதளம் அவற்றை அம்பின் இருப்பிடத்தோடு கூட்டிக்கொண்டே போகும்.

நகர்வு வெறும் கூட்டல் கணக்கு என்பதால் இரண்டாவது மவுஸைச் சேர்ப்பதில் இயங்குதளத்துக்குச் சிரமமே இல்லை. இங்கிருந்து ஐந்து, அங்கிருந்து மூன்று, மொத்தம் எட்டு. பொத்தான்களும் அப்படித்தான். எந்தக் கருவியில் அமுக்கினாலும் இடது பொத்தான் அமுங்கியதாகவே எடுத்துக்கொள்ளப்படும். லினக்ஸில் இந்த ஏற்பாட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். செருகிய ஒவ்வொரு மவுஸுக்கும் தனித்தனியாக ஒரு கோப்பு இருக்கும். அவற்றோடு, எல்லா மவுஸ்களின் நகர்வுகளையும் ஒன்றாகக் கொட்டித் தரும் பொதுக் கோப்பு ஒன்றும் இருக்கும்.

எல்லாச் சுட்டும் கருவிகளும் இப்படிக் கூட்டலுக்கு உடன்படுவதில்லை. ஓவியர்கள் பயன்படுத்தும் பேனாப் பலகை தன் நகர்வைச் சொல்வதில்லை. தன் பேனா பலகையில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையே சொல்கிறது. பலகையின் இடது மேல் மூலை என்றால் திரையின் இடது மேல் மூலை. மவுஸால் அம்பைத் திரையின் நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டுப் பேனாவை ஓரத்தில் வைத்தால் அம்பு அந்த ஓரத்துக்கு ஒரே தாவாகத் தாவிவிடும். தொடுதிரையிலும் இதே கதைதான். இருவர் ஆளுக்கொரு பேனாவோடு ஒரே அம்பைப் பகிர்ந்துகொண்டால் அது நொடிக்குப் பலமுறை இங்கும் அங்கும் குதிக்கும், யாருக்கும் பயன்படாது.

அமைப்புகளிலும் இந்த ஒற்றை அம்பின் தாக்கம் உண்டு. விண்டோஸில் அம்பின் வேகம், இடது-வலது பொத்தான்களை மாற்றிக்கொள்ளும் வசதி ஆகியவை எல்லா மவுஸுக்கும் பொதுவானவை. இடக்கைப் பழக்கம் உள்ளவரும் வலக்கைப் பழக்கம் உள்ளவரும் ஒரே கணினியில் ஆளுக்கொரு மவுஸ் வைத்துக்கொண்டாலும் பொத்தானை ஒருவருக்கு ஏற்றபடிதான் அமைக்க முடியும். மேக் கணினியில் மவுஸுக்கும் டிராக்பேடுக்கும் தனித்தனி வேகம் வைக்கலாம். லினக்ஸ் மேசைத்தளங்கள் சிலவற்றில் ஒவ்வொரு கருவிக்கும் தனி அமைப்பே உண்டு. ஆனால் இவை எல்லாவற்றிலும் வழக்கமாகக் கடைசியில் நகர்வது ஒரே அம்பு.

எந்த மவுஸிலிருந்து எந்தச் செய்தி வந்தது என்பது கணினிக்குத் தெரியாமல் இல்லை. ஒவ்வொரு யுஎஸ்பி கருவிக்கும் செருகிய கணத்திலேயே தனி முகவரி கிடைத்துவிடுகிறது. செய்திகள் வரும்போது யார் அனுப்பியது என்ற அடையாளத்தோடுதான் வருகின்றன. மேலே போகும் வழியில் அந்த அடையாளத்தை உதிர்த்துவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டுவது மென்பொருளின் முடிவு. ஒரு கணினிக்கு ஒரே ஆள் என்று நினைத்துக் கட்டப்பட்ட முடிவு அது. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, கூட்டுவதற்கு முன்னால் உள்ள மூலச் செய்தியை அதன் கருவி அடையாளத்தோடு வாங்கிக்கொள்ள நிரல் எழுதுபவர்களுக்கு ஒரு வழி வைத்திருந்தது. அதற்குப் பெயர் ரா இன்புட்.

பெங்களூருவில் நடந்தது

பவாரும் அவர் குழுவினரும் மல்ட்டிமவுஸ் என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். இயங்குதளம் வரையும் அம்பை நம்பியிருக்காமல், ஒவ்வொரு மவுஸுக்கும் தனித்தனி அம்பை அந்த மென்பொருளே திரையில் வரைந்தது. ஒவ்வொரு அம்பும் ஒவ்வொரு நிறம். ஒருவர் சிவப்பு, அடுத்தவர் நீலம், இன்னொருவர் பச்சை. தன் கையை அசைத்ததும் எந்த நிறம் அசைகிறது என்று பார்த்தால் போதும், எது தன்னுடையது என்று பிள்ளைகள் கண்டுகொண்டார்கள். இந்த முயற்சியைப் பற்றிய முதல் கட்டுரை, அமெரிக்காவின் பெர்க்லியில் 2006இல் நடந்த கருத்தரங்கில் வெளியானது.

அடுத்து எழுந்த கேள்விதான் முக்கியமானது. பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது, எல்லோரும் ஈடுபடுகிறார்கள், சரி. கற்கிறார்களா? கணினியில் ஆடுவது மகிழ்ச்சி தருவதாலேயே அது பாடமாகிவிடாது.

கிராமப்புறத்தைச் சேர்ந்த, வசதி குறைந்த குடும்பங்களின் பிள்ளைகள் 238 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். ஆங்கிலச் சொற்களைக் கணினியில் பழகிய பிறகு எத்தனை சொற்கள் நினைவில் நிற்கின்றன என்பதுதான் தேர்வு. பிள்ளைகள் நான்கு விதமாக உட்காரவைக்கப்பட்டார்கள். முதல் வகையில் ஒரு பிள்ளைக்கு ஒரு கணினி, ஒரு மவுஸ். இரண்டாவதில் பலருக்கு ஒரு கணினி, ஒரே மவுஸ். அதாவது பள்ளிகளில் வழக்கமாக நடப்பது. மற்ற இரண்டிலும் ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு கணினி, ஐந்து மவுஸ்.

ஐந்து மவுஸ் இருந்த இரண்டு வகைகளுக்கும் கருவியில் எந்த வேறுபாடும் இல்லை. ஆட்டத்தின் விதியில்தான் வேறுபாடு. ஒன்று பந்தயம். சரியான விடையை யார் முதலில் அமுக்குகிறாரோ அவரால் எல்லோருக்கும் திரை அடுத்த கேள்விக்குப் போய்விடும். இன்னொன்று வாக்கு. ஐந்து பேரும் சரியான விடையை அமுக்கிய பிறகுதான் திரை நகரும். ஒருவர் தயங்கி நின்றால் மற்ற நால்வரும் அவருக்காகக் காத்திருக்க வேண்டும்.

2007இல் வெளியான முடிவுகளின்படி, மொத்தமாகப் பார்த்தால் ஐந்து பேர் ஒரு கணினியைப் பகிர்ந்துகொண்டபோது கற்ற அளவு, தனிக் கணினி கிடைத்த பிள்ளை கற்ற அளவுக்குச் சமமாகவே இருந்தது. ஒரு கணினியும் சில மவுஸ்களும் சேர்ந்து ஐந்து கணினிகளின் வேலையைச் செய்யக்கூடும் என்பது இதன் பொருள். நிதி இல்லாத பள்ளிக்கு இது பெரிய செய்தி.

அதைவிடக் கவனிக்க வேண்டியது, பந்தயத்துக்கும் வாக்குக்கும் நடுவே தெரிந்த வேறுபாடு. பந்தய விதியில் பிள்ளைகளின் கவனம் சொல்லிலிருந்து நழுவி வேகத்துக்குப் போனது. எதையாவது அமுக்கி முந்திவிடலாமே என்ற அவசரம் வந்தது. வாக்கு விதியில் அவசரப்பட்டுப் பயனில்லை. விடை தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லித்தர வேண்டிய கட்டாயம் இருந்தது, அப்படிச் சொல்லித்தரவும் செய்தார்கள். பெண்பிள்ளைகள் எந்த ஏற்பாட்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு கற்றார்கள். ஆண்பிள்ளைகள் கற்ற அளவுதான் ஏற்பாட்டுக்கு ஏற்பக் கூடியும் குறைந்தும் இருந்தது. மவுஸ்கள் அதே மவுஸ்கள்தான். எப்போது அடுத்த கேள்வி வர வேண்டும் என்ற ஒற்றை விதியை மாற்றியதற்கே பிள்ளைகளின் நடத்தையும் ஆண்பிள்ளைகளின் கற்றலும் இவ்வளவு மாறின.

இந்த மென்பொருளின் அடிப்படையை மைக்ரோசாஃப்ட் பிறகு மல்ட்டிபாயின்ட் என்ற பெயரில் நிரலாளர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. ஆசிரியர்கள் பவர்பாயின்ட் பக்கங்களில் கேள்வி வைத்து, வகுப்பில் உள்ள பிள்ளைகள் ஆளுக்கொரு மவுஸால் விடை சொல்லும் மவுஸ் மிஸ்சிஃப் 2010இல் வெளிவந்தது. ஒரு திரையில் 1 முதல் 32 மவுஸ்கள்வரை ஓடும்போது பிள்ளைகளால் சமாளிக்க முடிகிறதா என்று நீமா மொரவேஜியும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் ஆராய்ந்தார்கள். சிலி நாட்டில் மிகேல் நுஸ்பாம் என்ற பேராசிரியரின் குழு, ஒரு புரொஜெக்டர், ஒரு கணினி, பிள்ளைக்கு ஒரு மவுஸ் என்று வைத்து வகுப்பு முழுவதற்கும் கணக்குப் பயிற்சி தந்தது. திரையைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டம். முன்னேறும் பிள்ளைக்கு அவரவர் கட்டத்தில் அடுத்த கணக்கு வரும், தடுமாறும் பிள்ளைக்கு அதே வகைக் கணக்கு மீண்டும் வரும்.

அந்த ஆண்டுகளில் உலகம் பேசிக்கொண்டிருந்தது வேறொரு திட்டத்தைப் பற்றி. பிள்ளைக்கு ஒரு லேப்டாப் என்று நிக்கோலஸ் நெக்ரபான்டே 2005இல் அறிவித்த 100 டாலர் கணினித் திட்டம் அது. உண்மையில் தயாராகி வந்தபோது அதன் விலை 200 டாலரை நெருங்கியது. இந்திய அரசு 2006இலேயே அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. பெங்களூரு ஆய்வகத்தின் வழி நேர் எதிரானது. பள்ளியில் ஏற்கெனவே இருக்கும் கணினியை எடுத்துக்கொள், அதை ஒருவர் மட்டும் ஆள முடியும் என்ற கட்டுப்பாட்டை நீக்கு என்பது அது.

டொயாமாவின் பார்வை பிறகு இன்னும் ஆழமாகப் போனது. கருவிகள் ஒரு பள்ளியில் ஏற்கெனவே இருக்கும் அக்கறையையும் திறமையையும் பெருக்கிக் காட்டுமே தவிர, இல்லாததைக் கொண்டுவந்து தராது என்று 2015இல் வெளியான கீக் ஹெரசி என்ற நூலில் அவர் வாதிட்டார். நல்ல ஆசிரியர் இருக்கும் வகுப்பில் ஐந்து மவுஸ் பெரும் வேலை செய்யும். கணினியைப் பழுதுபார்க்க ஆளில்லாத, பாடம் நடத்த ஆர்வமில்லாத பள்ளியில் அவை அலமாரிக்குள் போய்விடும். தன் சொந்த ஆய்வகத்தில் பிறந்த கண்டுபிடிப்பையும் அவர் இந்த அளவுகோலால்தான் அளந்தார்.

இரண்டு கை, ஒரே ஆள்

ஐந்து பேருக்கு ஐந்து மவுஸ் என்பது ஒரு பயன். ஒரே ஆளின் இரண்டு கைக்கும் இரண்டு கருவி என்பது இன்னொன்று, வயதில் மூத்தது. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பர்ட் தன் மவுஸை உலகுக்குக் காட்டியபோது அவருடைய வலக்கையில் மவுஸ், இடக்கையின் கீழ் ஐந்து கட்டைகள் கொண்ட சிறு விசைப்பலகை. அவர் வலக்கையால் சுட்டிக்கொண்டே இடக்கையால் கட்டளை கொடுத்தார். பின்னால் வந்த கணினிகள் மவுஸை எடுத்துக்கொண்டு அதன் துணையை விட்டுவிட்டன.

ஆய்வாளர்களான வில்லியம் பக்ஸ்டனும் பிராட் மையர்ஸும் 1986இல் இரண்டு கைகளுக்கும் தனித்தனிக் கருவி கொடுத்துச் சோதித்தார்கள். ஒரு கை ஒரு வடிவத்தை இடம் நகர்த்த வேண்டும், இன்னொரு கை அதன் அளவை மாற்ற வேண்டும். இரண்டையும் ஒரே சமயத்தில் செய்யுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் பங்கேற்றவர்கள் தாமாகவே இரண்டு கைகளையும் சேர்த்து இயக்கினார்கள். ஆவணத்தில் ஓர் இடத்துக்குப் போய் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வேலையில், இரண்டு கைகளைப் பயன்படுத்தியவர்கள் ஒரு கையைப் பயன்படுத்தியவர்களை முந்தினார்கள்.

மறு ஆண்டில் ஈவ் கியார் என்ற பிரெஞ்சு உளவியலாளர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். இரண்டு கைகளும் ஒரே வேலையைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வதில்லை. பழக்கம் குறைந்த கை முதலில் நகர்ந்து களத்தை அமைக்கிறது. அதன் அசைவு பெரியது, நிதானமானது. பழகிய கை அந்தக் களத்துக்குள் நுணுக்க வேலையைச் செய்கிறது. பூக்கட்டும் பெண்ணின் கைகளில் இதைப் பார்க்கலாம்: இடக்கை மொட்டுகளையும் நாரையும் பிடித்து இடத்தை நிலைநிறுத்தும், வலக்கை அங்கே வந்து சுருக்குப் போட்டுவிட்டுப் போகும். எழுதும்போதும் அப்படித்தான் என்று கியார் காட்டினார். காகிதத்தை இடக்கை அடிக்கடி நகர்த்திக்கொடுப்பதால், பக்கம் முழுக்க எழுதி முடித்தாலும் மேசையின் மேல் பேனா சுற்றி வந்த பரப்பு அந்தப் பக்கத்தைவிடச் சிறியதாகவே இருக்கிறது.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. ஒரே ஆளுக்கு இரண்டு கருவி கொடுப்பதானால் அவை ஒரே மாதிரி இருக்கத் தேவையில்லை. வேறு வேறாக இருப்பதே நல்லது. மவுஸ், பந்தை உருட்டி அம்பை நகர்த்தும் டிராக்பால், பேனா மூன்றையும் இரண்டு கைகளிலும் கொடுத்துப் பார்த்த 1993ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், சிறிய இலக்குகளையும் குறுகிய தூரங்களையும் பழகிய கையே நன்றாகக் கையாண்டது. இலக்கு பெரிதாகவும் தூரம் அதிகமாகவும் இருந்தபோது இரண்டு கைகளும் ஏறக்குறைய ஒரே திறனைக் காட்டின. பக்கத்தை உருட்டுவது, படத்தைச் சுழற்றுவது, பெரிதாக்குவது போன்ற வேலைகளுக்கு இடக்கை தாராளமாகப் போதும்.

விமானப் பாகங்களையும் வாகனப் பாகங்களையும் முப்பரிமாணத்தில் வடிவமைக்கும் பொறியாளர்கள் இதை அன்றாடம் செய்கிறார்கள். பெங்களூருவில் இந்தத் தொழில் நிறையவே உண்டு. அந்தப் பொறியாளர்கள் பலரின் இடக்கையில் ஸ்பேஸ்மவுஸ் என்ற குமிழ் இருக்கும். அதைத் தள்ளலாம், இழுக்கலாம், தூக்கலாம், அமுக்கலாம், சாய்க்கலாம், முறுக்கலாம். திரையில் உள்ள பாகம் அதற்கேற்ப நகரும், திரும்பும். வலக்கையில் சாதாரண மவுஸ். இடக்கை பாகத்தைத் திருப்பிக் காட்ட, வலக்கை அதன் விளிம்பைப் பிடித்துத் திருத்தும். இந்தக் குமிழின் வேர் ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையத்தில் இருக்கிறது. 1993இல் விண்வெளி ஓடத்தில் பறந்த ஒரு ரோபோக் கையை இயக்கிய கட்டுப்பாட்டுப் பந்து இதன் நெருங்கிய உறவு. ஸ்பேஸ்மவுஸ் மவுஸோடு மோதாததற்குக் காரணம், அது தன்னை மவுஸ் என்று கணினியிடம் அறிமுகப்படுத்திக்கொள்வதே இல்லை. ஆறு அச்சுகள் கொண்ட வேறொரு வகைக் கருவியாகவே பதிந்துகொள்கிறது. அதனால் அதன் செய்திகள் அம்பின் கணக்கில் போய்ச் சேர்வதில்லை.

மணிக்கட்டு வலியால் அவதிப்படுபவர்கள் இரண்டு கருவி வைத்துக்கொள்வதற்குக் காரணம் வேறு. வலப்பக்கம் மவுஸ், இடப்பக்கம் டிராக்பால் என்று வைத்துக்கொண்டு நாளின் வேலையை இரண்டு கைகளுக்கும் பகிர்ந்து கொடுக்கிறார்கள். இவர்களுக்கு ஒற்றை அம்பு ஒரு குறையே இல்லை. கை மாறினாலும் அம்பு விட்ட இடத்திலேயே நிற்பது வசதிதான். கை நடுக்கம் உள்ளவர்களுக்கும் அது கைகொடுக்கும். அம்பை ஒரு கருவியால் இலக்கில் நிறுத்திவிட்டு இன்னொரு கருவியின் பொத்தானை அமுக்கினால், அமுக்கும் அதிர்வில் அம்பு விலகிப்போகாது.

கண் ஒரு கருவி, கை ஒரு கருவி

சுட்டுவதற்குக் கையே வேண்டும் என்பதில்லை. பார்வை எங்கே போகிறது என்பதைக் கேமராவால் அளந்து அம்பை அங்கே கொண்டுபோகும் கருவிகள் இருக்கின்றன. கண் மிக வேகமானது. கை இலக்கைத் தொடுவதற்கு முன்பே பார்வை அங்கே போய்விடும். ஆனால் நுணுக்கம் போதாது. கருவியின் அளவீட்டில் ஒரு பாகை பிழை வந்தால், 60 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் திரையில் அது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். மூடும் பொத்தானுக்கும் அதன் பக்கத்துப் பொத்தானுக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி இருப்பதில்லை. இன்னொரு சிக்கல், பார்ப்பதெல்லாம் அமுக்குவதாகிவிடக் கூடாது. கண் தன்பாட்டுக்கு அலையும். அது போன இடமெல்லாம் கட்டளை ஆகிவிட்டால் கணினியைப் பயன்படுத்தவே முடியாது.

ஆகவே கண்ணையும் கையையும் சேர்த்துக்கொண்டார்கள். 1999இல் ஐபிஎம் ஆய்வாளர் ஷுமின் ஜாயும் குழுவினரும் முன்வைத்த முறையில், பார்வை அம்பை இலக்கின் அருகே கொண்டுபோய் விடும். கடைசிச் சிறு தூரத்தையும் அமுக்குவதையும் கை பார்த்துக்கொள்ளும். நீண்ட தூரம் கண்ணுக்கு, நுணுக்கம் கைக்கு.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பிரதீப்த பிஸ்வாஸ் தலைமையிலான ஆய்வகம் பார்வையால் இயங்கும் இடைமுகங்களில் பல ஆண்டுகளாக வேலை செய்துவருகிறது. போர் விமான ஓட்டிகளின் கை விமானத்தை ஓட்டுவதில் இருக்கும்போது காட்சித்திரையில் சுட்டுவதற்குப் பார்வையைப் பயன்படுத்தலாமா என்பது அவர்கள் ஆராய்ந்த ஒரு பிரச்சினை. பேச்சும் கை அசைவும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் பார்வையால் ஒரு ரோபோக் கையை இயக்குவது இன்னொன்று. அதற்காக அவர்கள் சென்னையின் வித்யாசாகர் நிறுவனத்தில் உள்ளவர்களோடு சேர்ந்து உழைத்தார்கள். ஒரு மாணவரால் ஒரே ஒரு பொத்தானைத்தான் அமுக்க முடியும் என்றாலும், பார்வை சுட்ட, அந்தப் பொத்தான் உறுதிசெய்ய, இரண்டும் சேர்ந்து ஒரு முழு மவுஸ் ஆகிவிடுகின்றன.

இரண்டாவது அம்பு வந்தால்

இயங்குதளமே பல அம்புகளைத் தந்தால் என்ன? லினக்ஸில் அது நடந்தது. ஆஸ்திரேலியாவில் ஆய்வு மாணவராக இருந்த பீட்டர் ஹட்டரர் லினக்ஸில் சாளரங்களைத் திரையில் காட்டும் எக்ஸ் சாளர அமைப்பைப் பல அம்புகளைத் தாங்கும் வகையில் மாற்றி எழுதினார். 2009 அக்டோபரில் வந்த எக்ஸ் சர்வர் 1.7இல் அது எல்லோருக்கும் கிடைத்தது. ஒரே ஒரு கட்டளையால் திரையில் இரண்டாவது அம்பை உண்டாக்கி, விரும்பிய மவுஸை அதில் இணைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு அம்புக்கும் ஒரு விசைப்பலகையையும் சேர்த்துவிடலாம். பெங்களூரு மென்பொருள் அலுவலகம் ஒன்றில் இருவர் ஒரே கணினியில் உட்கார்ந்து சேர்ந்து நிரல் எழுதுகிறார்கள் என்றால், ஒருவர் ஒரு சாளரத்தில் தட்டச்சு செய்ய, மற்றவர் பக்கத்துச் சாளரத்தில் ஆவணத்தைப் புரட்டலாம்.

விசைப்பலகையைச் சேர்ப்பது ஏன் முக்கியம்? இருவர் இரண்டு சாளரங்களில் அமுக்கிய பிறகு யாரோ ஒருவர் தட்டச்சு செய்கிறார். எழுத்து எந்தச் சாளரத்தில் விழ வேண்டும்? ஒரே அம்பு இருந்தவரை இந்தக் கேள்வியே எழவில்லை. இன்னும் சில கேள்விகளும் இருக்கின்றன. ஒருவர் மெனுவைத் திறக்கிறார், இன்னொருவர் வெளியே அமுக்குகிறார். வெளியே அமுக்கினால் மெனு மூடிக்கொள்ள வேண்டும் என்பது பழைய விதி. இப்போது மூடலாமா? ஒருவர் ஒரு கோட்டை வரைகிறார், மற்றவர் ஒரு வட்டத்தை வரைகிறார், முதலாமவர் கடைசிச் செயலை ரத்து செய்கிறார். போக வேண்டியது கோடா வட்டமா? அவர் வரைந்தது கோடுதான், ஆனால் கடைசியாக வரையப்பட்டது வட்டம். 1991லேயே ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் எரிக் பையரும் ஸ்டீவ் ஃப்ரீமனும் ஒரே திரையில் பலர் வேலை செய்யும் பதிப்பியைக் கட்டியபோது இத்தகைய கேள்விகளை எதிர்கொண்டு, ஒவ்வொருவருக்கும் தனி நிறமும் திரையில் தனி இடமும் கொடுத்தார்கள். ஆனால் அன்றாட மென்பொருள்கள் பெரும்பாலும் இன்றும் ஒரே ஆள் இருப்பதாக எண்ணித்தான் எழுதப்படுகின்றன. இயங்குதளம் இரண்டு அம்பு தந்தாலும் மெனுவும் ரத்தும் ஒருவருக்குரியவையாகவே இருக்கின்றன.

இனிமேல் தொடுதிரைதான், மவுஸ் எதற்கு என்று கேட்கலாம். பத்து விரல்களை ஒரே சமயத்தில் உணரும் திரைகள் இப்போது சாதாரணம். ஆனால் அந்தப் பத்து விரல்கள் ஒருவருடையவையா, ஐந்து பேருடையவையா என்பது அந்தத் திரைக்குத் தெரியாது. யார் தொட்டார் என்று அறியும் மேசையை 2001இல் மிட்சுபிஷி ஆய்வகம் உருவாக்கிக் காட்டியது. டைமண்ட்டச் என்ற அந்த மேசையின் முன் உட்கார்பவரின் நாற்காலி வழியாக மெல்லிய மின் சமிக்ஞை சென்று ஆளை அடையாளம் காட்டும். அது பரவலான சந்தைக்கு வரவில்லை. பெங்களூரு ஆய்வகத்தின் வாக்கு ஆட்டம் பலித்ததற்குக் காரணமே, இன்னும் யார் விடை சொல்லவில்லை என்பதை மென்பொருள் அறிந்திருந்ததுதான். விரல்களை மட்டும் எண்ணும் திரையால் அந்த விதியை நடத்த முடியாது.

தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் அரசுப் பள்ளிகளுக்குத் திறன்மிகு வகுப்பறைகள் வந்துகொண்டிருக்கின்றன. பெரிய திரை முன்சுவரில் இருக்கும். அதைத் தொடுபவர் ஆசிரியர், அல்லது அவர் கூப்பிட்டு நிறுத்தும் ஒரு பிள்ளை. கடைசி பெஞ்சிலிருந்து அதைத் தொட முடியாது, கம்பியில்லா மவுஸால் சுட்ட முடியும். விண்டோஸ் எக்ஸ்பியில் வந்த ரா இன்புட் இன்றைய விண்டோஸிலும் அப்படியே இருக்கிறது. எந்த மவுஸ் எவ்வளவு நகர்ந்தது என்ற செய்தியை அது தனித்தனியாகவே தருகிறது. பாட மென்பொருள் எழுதுபவர்கள் செய்ய வேண்டியவை மூன்று: அந்தச் செய்தியைக் கூட்டாமல் வாங்குவது, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நிற அம்பு வரைவது, எல்லோரும் விடை சொன்ன பிறகே அடுத்த கேள்விக்குப் போவது.